‘ரெண்டு மடங்கு பெரிசா’ என்று சொல்வதற்கு முன்

அக்காவின் கல்யாணச் சீருக்கு அப்பா பித்தளைத் தவலை ஒன்று செய்யக் கொடுத்தார். வீட்டில் ஐந்து லிட்டர் பிடிக்கும் பழைய தவலை இருந்தது. அதையே மாதிரிக்குத் தூக்கிக்கொண்டு போய், “இதே மாதிரி, இதைவிட ரெண்டு மடங்கு பெரிசா வேணும்” என்று சொல்லிவிட்டு வந்தார். அவர் மனசில் இருந்தது பத்து லிட்டர். பாத்திரக்காரர் நூல் பிடித்து அளந்தார். வாய், வயிறு, உயரம் மூன்றையும் இரட்டித்தார். வந்து இறங்கியதோ நாற்பது லிட்டர் தவலை. தகடு அதே தடிமன் என்பதால் பித்தளை நான்கு மடங்கு, கூலியும் அதற்கேற்ப. “நீங்க சொன்ன ரெண்டு மடங்குதானே சார்” என்றார் அவர். அவர் சொன்னதில் தப்பில்லை; அப்பா நினைத்ததிலும் தப்பில்லை. ‘மடங்கு’ என்ற சொல் எதைப் பற்றியது என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். தவலை இன்றும் அக்கா வீட்டில் இருக்கிறது. அதில் யாரும் பாயசம் வைத்ததில்லை. அரிசி கொட்டி வைக்கிறார்கள்.

பத்தாம் வகுப்பில் உருளை, கூம்பு, கோளம், இடைக்கண்டம் என்று வரிசையாகப் படித்துத் தேறியவர்கள்கூடக் கடைத்தெருவில் இதே இடத்தில்தான் சறுக்குகிறோம். கண் பார்ப்பது நீளத்தை. பாத்திரம் கொள்வது கன அளவை. உருவம் மாறாமல் எல்லாப் பக்கமும் 2 மடங்கானால் மேற்பரப்பு 4 மடங்கு, கொள்ளளவு 8 மடங்கு. 3 மடங்கானால் 9, 27. பத்து மடங்கானால் 100, 1000. விதி இவ்வளவுதான். அதை எங்கே எப்படிப் பிடிப்பது, எங்கே கைவிடுவது என்பதற்குத்தான் இந்தப் பட்டியல்.

செய்ய வேண்டியவை

ஆழாக்கையும் படியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விதியை மனசில் நிறுத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. ஆக ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. எட்டுப் படி ஒரு மரக்கால். எட்டு என்பது இரண்டின் மும்மடி. அதாவது ஆழாக்கின் அதே வடிவத்தில் படியைச் செய்தால் அது ஆழாக்கைவிட இரண்டே மடங்கு உயரம், இரண்டே மடங்கு அகலம். அந்தப் படியை அப்படியே இரட்டித்தால் மரக்கால். மரக்காலுக்குள் 64 ஆழாக்கு அடக்கம். உயரத்தில் பார்த்தால் நான்கே மடங்கு. இந்த அளவைகளை ஏற்படுத்தியவர்கள் மும்மடியை நினைத்துத்தான் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போனால் மூன்றாவது படியில் எட்டு வந்துதான் தீரும். ஆனால் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. இடையில் இருக்கும் உழக்கின் பக்கங்கள் ஆழாக்கைவிட எவ்வளவு பெரியவை? 1.26 மடங்கு. கண்ணுக்குக் கால் பங்கு பெரிது போலத்தான் தெரியும். உள்ளே போவது இரட்டை.

‘எத்தனை மடங்கு’ என்று சொல்லும்போதே ‘எதில்’ என்றும் சொல்லுங்கள். உயரத்திலா, வாய் அகலத்திலா, கொள்ளளவிலா? பாத்திரமோ தொட்டியோ செய்யக் கொடுக்கும்போது லிட்டரில் சொல்லிவிடுவது உத்தமம். இரண்டு மடங்கு கொள்ள வேண்டுமென்றால் எல்லாப் பக்கமும் 1.26 மடங்கு, மூன்று மடங்கு கொள்ள 1.44, பத்து மடங்கு கொள்ள 2.15. இந்த மூன்று எண்களைத் தெரிந்துவைத்திருந்தால் போதும். அப்பாவிடம் இருந்திருந்தால் ஒரு தவலை பித்தளை மிச்சமாகியிருக்கும்.

எத்தனை பக்கம் மாறுகிறது என்று எண்ணுங்கள். மும்மடி விதி மூன்று பக்கமும் ஒன்றாக மாறினால் மட்டுமே. மொட்டைமாடித் தொட்டியின் உயரத்தை மட்டும் இரட்டித்தால் தண்ணீரும் இரட்டை. உயரத்தை விட்டுவிட்டு விட்டத்தை இரட்டித்தால் நான்கு மடங்கு. இடமிருந்தால் அகலமாக்குவதுதான் ஆதாயம். தளம் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்ட பிறகு. கிணறும் அப்படித்தான். பத்தடி விட்டக் கிணற்றை அதே ஆழத்தில் இருபதடி ஆக்குவதென்றால் தோண்டி எடுக்க வேண்டிய மொத்த மண் நான்கு மடங்கு. ‘ரெட்டைக் கூலி தர்றேன்’ என்று பேசினால் கிணறு வெட்டுபவர் எழுந்து போய்விடுவார்.

குழாயில் அகலமும் உயரமும்தான் கணக்கு. ஒரு அங்குலக் குழாயின் வாய் அரை அங்குலக் குழாய்கள் நான்கிற்குச் சமம், இரண்டிற்கு அல்ல.

எலுமிச்சம்பழம், தேங்காய், முட்டை போல எண்ணிக்கையில் விற்பவற்றைக் கண்ணால் நிறுத்துப் பாருங்கள். நான்கு சென்டிமீட்டர் விட்டமுள்ள எலுமிச்சம்பழமும் ஐந்து சென்டிமீட்டர் பழமும் கூடையில் ஏறக்குறைய ஒன்று போலவே தெரியும். கணக்குப் போட்டால் 1.25-இன் மும்மடி, 1.95. பெரிய பழம் ஒன்று சின்னப் பழம் இரண்டுக்குச் சமம். அடுத்த கூடையில் சற்றே பெரிய பழத்துக்கு ஒன்றரை மடங்கு விலை சொன்னால், பேரம் பேசாமலே வாங்கலாம். தேங்காயில் மட்டும் கொஞ்சம் நிதானம். உள்ளே வெற்றிடம், பருப்பு ஓர் ஓடு போல ஒட்டியிருக்கிறது. பருப்பின் தடிமன் காயின் பருமனோடு சேர்ந்து வளர்வதில்லை. ஆகவே பருப்புக்கு மும்மடி வேண்டாம், இருமடி போதும். உள்ளே இருக்கும் இளநீருக்குத்தான் மும்மடி. பெரிய காயைக் காதருகே ஆட்டிப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் காரணமில்லாமல் வந்ததில்லை.

மணல் லோடு வந்தால் டேப்பை நீங்களே பிடியுங்கள். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. வண்டிப் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் நூற்றுக்கு ஐந்து குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 0.95-இன் மும்மடி 0.857. நூறு கன அடிக்குப் பணம் கொடுத்து எண்பத்தாறை இறக்கிக்கொள்கிறீர்கள். பக்கத்துக்கு ஐந்து, மொத்தத்தில் பதினான்கு. எதிர்ப்பக்கமும் இப்படியே: மூன்று பக்கமும் பத்துப் பத்து சதவீதம் கூடினால் கன அளவு முப்பது அல்ல, 33.1 சதவீதம் கூடும்.

சாம்பார் மிஞ்சினால் சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஆறவையுங்கள். சூடு வெளியேறுவது மேற்பரப்பு வழியாக. சூடு தங்கியிருப்பது கன அளவில். அண்டா இரண்டு மடங்கானால் வெளியேறும் வழி 4 மடங்கு, தங்கும் சூடு 8 மடங்கு. அதனால் பெரிய அண்டாவின் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடந்து புளித்துப்போகும். மீன்பிடித் துறைமுகத்தில் இதே கணக்கைப் பார்க்கலாம். ஐஸ் பாரை முழுசாக வைத்திருப்பார்கள், அப்போது அது மெல்லக் கரையும். மீன்மேல் போடும்போது பொடியாக உடைப்பார்கள், மேற்பரப்பு பெருகிச் சட்டென்று குளிரும். ஐஸ் ஒன்றுதான், எடையும் ஒன்றுதான்.

செய்யக்கூடாதவை

கன அடியை அங்குலமாக்கப் பன்னிரண்டால் பெருக்காதீர்கள். ஓர் அடிக்கு 12 அங்குலம். ஒரு கன அடிக்கு 12 × 12 × 12, அதாவது 1728 கன அங்குலம். ஒரு கன மீட்டருக்கு 1000 லிட்டர், ஏறக்குறைய 35.3 கன அடி. மீட்டருக்கு 3.28 அடி என்பதைப் பிடித்துக்கொண்டு அதையே கன அளவுக்கும் போட்டுவிடும் பிள்ளைகள் வகுப்புக்கு நாலு பேராவது இருப்பார்கள்.

1728 என்ற எண்ணுக்கு ஒரு கதை உண்டு. ஜோனதன் ஸ்விஃப்ட் 1726-இல் வெளியிட்ட ‘கல்லிவரின் பயணங்கள்’ நூலில் லில்லிபுட் தீவின் மனிதர்கள் நம் உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. கல்லிவருக்குச் சாப்பாடு போட வேண்டிய நாள் வந்ததும் அந்நாட்டுக் கணக்கர்கள் அவன் உயரத்தை அளந்து, அவன் உடம்பு 1728 லில்லிபுட்காரர்களுக்குச் சமம் என்று முடிவுகட்டுகிறார்கள். அதற்கு முன்பே படுக்கை தயாராகிவிட்டது. அவர்களுடைய மெத்தைகள் 150-ஐ நீளத்துக்கும் அகலத்துக்கும் சேர்த்துத் தைத்தார்கள். 12-இன் இருமடி 144; சரியாகத்தான் தைத்திருக்கிறார்கள். தடிமனில்தான் கஞ்சத்தனம். பன்னிரண்டு அடுக்கு போட வேண்டிய இடத்தில் நான்கு அடுக்கு. கல் தரை முதுகில் உறுத்துகிறது என்று கல்லிவர் புலம்புகிறான். கற்பனை நாட்டில்கூட மூன்றாவது பக்கத்தைத்தான் மறக்கிறார்கள்.

சாப்பாட்டையும் மருந்தையும் மும்மடியில் பெருக்காதீர்கள். அந்தக் கணக்கர்கள் கன அளவில் தவறவில்லை. அதைச் சாப்பாட்டுக்குப் போட்டதில்தான் தவறினார்கள். உயிருள்ள உடம்பு எரிக்கும் ஆற்றல் எடைக்கு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. எலியிலிருந்து மாடு வரை விலங்குகளை ஒப்பிட்டு 1932-இல் மேக்ஸ் கிளைபர் கண்ட விகிதம், எடையின் முக்கால் அடுக்கு. அந்தக் கணக்கில் கல்லிவருக்கு வேண்டியது 1728 பேர் சாப்பாடு அல்ல, சுமார் 270 பேர் சாப்பாடு. ஸ்விஃப்டுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. பெரியவருக்குக் கொடுத்த மாத்திரையை உயரத்தைப் பார்த்தோ எடையைப் பார்த்தோ நீங்களே உடைத்துக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். அது மருத்துவர் வேலை.

பெரிதாக்கினால் அதே வலு இருக்கும் என்று நம்பாதீர்கள். எடை மும்மடியில் ஏறும்; அதைத் தாங்கும் காலின் குறுக்குவெட்டு இருமடியில்தான் ஏறும். இதை முதலில் தெளிவாக எழுதிவைத்தவர் கலிலியோ. வீட்டுக்காவலில் இருந்தபடி அவர் எழுதி, 1638-இல் லைடன் நகரில் அச்சான ‘இரண்டு புதிய அறிவியல்கள்’ நூலில் ஒரு சின்ன எலும்பையும், அதைவிட மூன்று மடங்கு நீளமுள்ள எலும்பையும் வரைந்து காட்டியிருக்கிறார். நீளத்துக்கேற்ற பருமன் போதாது. பெரிய எலும்பு முண்டும் முடிச்சுமாகத் தடித்திருக்கிறது. ஆட்டின் காலையும் யானையின் காலையும் மனசுக்குள் ஒன்றாக நிறுத்திப் பாருங்கள், அந்தப் படமே வேண்டாம். உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1926-இல் எழுதிய கட்டுரையில் இதே தர்க்கத்தைப் பிடித்து, கதைகளில் வரும் அறுபதடி அரக்கன் ஓர் அடி எடுத்துவைத்தால் தொடை எலும்பு முறியும் என்றார். உயரம் பத்து மடங்கு, எடை ஆயிரம் மடங்கு, எலும்பின் குறுக்குவெட்டு நூறு மடங்குதானே. இவர் பின்னாளில் இந்தியக் குடிமகனாகி 1964-இல் புவனேஸ்வரில் காலமானவர்.

இதை எங்கே பயன்படுத்துவது என்கிறீர்களா? பரணுக்குச் சட்டம் அடிக்கும்போது. சின்ன அலமாரியின் பலகைத் தடிமனை வைத்துக்கொண்டு இரட்டை அளவில் அலமாரி செய்தால் நடுவில் தொங்கும்.

சிலை செய்யக் கொடுக்கும்போது உயரத்தை வைத்து விலையை ஊகிக்காதீர்கள். ஓரடி விக்கிரகம் நான்கு கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதே அமைப்பில் இரண்டடி விக்கிரகம் எட்டுக் கிலோ ஆகாது, 32 கிலோ. மூன்றடி என்றால் 108. சுவாமிமலையில் போல உள்ளே கெட்டியாக வார்க்கும் சிலைகளுக்கு இது பொருந்தும். உள்ளே பொள்ளலாக, ஒரே தடிமனில் வார்த்தால் மும்மடி போய் இருமடி வந்துவிடும். நான்கு கிலோ பதினாறாகும். ஸ்தபதிகள் இந்தக் குழப்பத்துக்குள்ளேயே போவதில்லை. மெழுகில் செய்த உருவத்தை நிறுத்துப் பார்த்து, அதிலிருந்து உலோகத்தைக் கணக்கிடுகிறார்கள். வெண்கலம் மெழுகைவிட ஏறக்குறைய ஒன்பது மடங்கு கனம். மெழுகுக்குத்தான் எல்லா மும்மடியும் தெரியுமே.

சுவருக்கு வெளியே டேப் பிடித்து ஒப்பந்தம் பேசாதீர்கள். இது என் சொந்த நஷ்டம். தரைக்குக் கீழே தண்ணீர்த் தொட்டி கட்ட ஆறடி, ஐந்தடி, நான்கடி என்று பேசினேன். 120 கன அடி, கன அடிக்கு 28.3 லிட்டர், சுமார் 3400 லிட்டர் என்று கணக்குப் போட்டு நிம்மதியாக இருந்தேன். கட்டி முடித்துத் தண்ணீர் லாரி வந்தபோது பாதி லோடு தெருவில் ஓடியது. மேஸ்திரி பிடித்தது வெளி அளவு. ஒன்பது அங்குலச் சுவர் இரண்டு பக்கமும் போனால் நீளம் நாலரை அடி, அகலம் மூன்றரை அடி. அடித்தளம் அரை அடி போக ஆழமும் மூன்றரை. பெருக்கினால் 55 கன அடி, ஏறக்குறைய 1560 லிட்டர். சுவர் தின்றது ஒன்றரை அடிதானே என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தால் தோன்றும். மூன்று பக்கமும் பெருகும்போது பாதிக்கு மேல் போயேபோய்விட்டது. ‘உள் அளவு’ என்ற இரண்டு சொற்களை ஒப்பந்தத் தாளில் எழுதிவிடுங்கள்.

பாதி உயரத்தைப் பாதி அளவு என்று நினைக்காதீர்கள். கடற்கரையில் கூம்பு மடித்துக் கடலை தருவார்கள். பாதி உயரம் வரை நிரப்பினால் அதில் இருப்பது முழுப் பொட்டலத்தின் எட்டில் ஒரு பங்கு. பாதிக் கடலை வேண்டுமென்றால் உயரத்தில் ஐந்தில் நான்கு பங்கு வரை நிரம்பியிருக்க வேண்டும். ஏனென்றால் பாதியில் நிற்கும் கூம்பு பெரிய கூம்பின் அதே வடிவம், எல்லாப் பக்கமும் பாதி. நண்பனோடு பகிர்ந்து சாப்பிடும்போது மேல் பகுதியை அவன் கேட்டால் சற்று யோசியுங்கள்.

மேட்டூர் அணைச் செய்தியைப் படிக்கும்போதும் இதுதான். முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நீர்மட்டம் 60 அடி என்று போட்டிருந்தால் ‘பாதி அணை இருக்கே’ என்று தேற்றிக்கொள்கிறோம். அந்த மட்டத்தில் இருக்கும் தண்ணீர் ஏறக்குறைய 25 டி.எம்.சி.தான், கால் பங்கைச் சற்றே தாண்டும். பள்ளத்தாக்கு அச்சான கூம்பு அல்ல. அப்படி இருந்திருந்தால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். மேலே போகப் போக நீர் விரிந்து பரவுவதால், 100 அடியிலிருந்து 120 அடி வரையிலான மேல் இருபதடி மட்டும் ஏறக்குறைய 28 டி.எம்.சி. கொள்கிறது. அடியிலுள்ள அறுபதடி கொள்வதைவிட அது அதிகம். நீர்மட்டத்தை விட்டுவிட்டு நீர் இருப்பு என்ற வரியைப் படியுங்கள்.

தெய்வமே கேட்டாலும் எல்லாப் பக்கத்தையும் இரட்டிக்காதீர்கள். கிரேக்கத்தின் டீலோஸ் தீவில் கொள்ளைநோய் வந்தபோது, கனசதுர வடிவப் பலிபீடத்தை இரட்டிக்கச் சொல்லி அருள்வாக்கு வந்ததாம். பக்கங்களை இரட்டித்தார்கள், பீடம் எட்டு மடங்காகி நின்றது, நோய் நிற்கவில்லை என்பது கதை. சரியான பக்கம் 2-இன் கனமூலம், அந்த 1.26. ஆனால் அளவுகோடில்லாத சட்டத்தையும் கவராயத்தையும் மட்டும் வைத்து அந்த நீளத்தை வரையவே முடியாது என்று பியர் வான்ட்செல் 1837-இல் நிரூபித்தார். இரண்டாயிரம் ஆண்டு முட்டிமோதிய கணக்கு. நம் பாத்திரக்காரருக்கு அந்தத் தொல்லை இல்லை, அவரிடம் டேப் இருக்கிறது. 1.26 என்று சொன்னால் போதும்.

கடைசியாக ஒன்று. பரணில் பழைய ஆழாக்கும் படியும் கிடந்தால் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடாதீர்கள். கழுவித் துடைத்து, பிள்ளைகள் கையில் கொடுத்து, எத்தனை ஆழாக்கு அரிசி கொட்டினால் படி நிறைகிறது என்று அவர்களையே எண்ணச் சொல்லுங்கள். எண்ணுவதற்கு முன் ஊகிக்கச் சொல்லுங்கள். நாலு என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள்.